ஊருக்குப் போகும் பணமும் உலகம் காணும் ஆசையும்

கடல் கடந்து சென்று பொருள் தேடி வருமாறு நம் முன்னோர் நமக்கு அறிவுறுத்தியிருக்கின்றனர். கடல் கடந்து சென்று, தேடிய பொருளைச் செலவழித்துவிட்டு வருமாறு அவர்கள் எங்கேனும் கூறியிருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஆயினும் இந்நாளில் நம் காலனிப் பூங்காவில் மாலை வேளையில் உலவுவோரின் பேச்சைச் செவிமடுத்தால், அதில் பாதி அரிசி, பருப்பு, வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றைப் பற்றியதாகவும், மறுபாதி யார் வீட்டுப் பிள்ளைகள் இந்தக் கோடையில் சிங்கப்பூருக்கும் பாங்காக்குக்கும் போய் வந்தனர் என்பதைப் பற்றியதாகவும் இருக்கின்றது. விலைவாசி ஏறும் காலத்தில் குடும்பத்தோடு வெளிநாடு போய் வருவது எங்ஙனம் என்னும் கேள்வி இன்று நேற்று எழுந்ததன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. டில்லியில் குடியேறிய நம் போன்ற குடும்பங்கள் அச்சரித்திரத்தில் எங்கே நிற்கின்றன என்பதை ஆண்டு விழா மலரின் இச்சில பக்கங்களில் நினைவுகூர விழைகின்றோம்.

உத்தியோகத்தின் பொருட்டுத் தென்னாட்டை விட்டு வந்த குடும்பத்துக்குப் பயணம் என்றால் ஊர்ப் பயணமே. பிள்ளைகளின் கோடை விடுமுறை, தகப்பனாரின் லீவு, கையில் கொஞ்சம் பணம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடுவது அரிது. கூடும்போது அந்த நாட்கள் முழுவதும் கும்பகோணத்துக்கோ திருநெல்வேலிக்கோ காரைக்குடிக்கோ உரியவை. பாட்டி காத்திருப்பாள், குலதெய்வத்துக்கு ஒரு படையல் பாக்கியிருக்கும், யாருக்கேனும் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். சிம்லா, முசௌரி போன்ற மலைவாசஸ்தலங்கள் டில்லிக்கு ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தும், அங்கே ஒருமுறையேனும் சென்று தங்காமல் ஓய்வு பெற்றுப் போன தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு.

மத்திய அரசாங்க ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகை, அதாவது எல்.டி.சி. என்று வீட்டுப் பெண்டிரும் குழந்தைகளும்கூட அறிந்து வைத்திருக்கும் அந்தப் புண்ணியம், 1956-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பிறந்தது. இரண்டாண்டுக்கு ஒருமுறை குடும்பத்தோடு சொந்த ஊர் சென்று வர, ரயில் கட்டணத்தில் பெரும்பங்கை அரசாங்கம் ஏற்கும் என்பதே அதன் சாரம். தொடக்கத்தில் முதற்பகுதித் தூரத்துக்கான கட்டணத்தை ஊழியரே கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் டில்லியிலிருந்து சென்னை 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம் ஆதலால், மீரட்டையும் ஆக்ராவையும் சொந்த ஊராகக் கொண்ட சக ஊழியர்களைக் காட்டிலும் நமக்கே இதனால் ஆதாயம் மிகுதி. சொந்த ஊர் எது என்று எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பணிக்காலம் முழுவதிலும் ஒரே ஒருமுறைதான் அதை மாற்றிக்கொள்ளலாம். மனைவியின் ஊரை எழுதுவதா, தம் ஊரை எழுதுவதா என்று இந்த ஒரு படிவத்தால் மனத்தாங்கல் நேர்ந்த வீடுகளையும் நாம் அறிவோம்.

சலுகை கிடைத்தாலும் ஊர்ச் செலவு சலுகையோடு நின்றதில்லை. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்துச் சென்னையில் இறங்கி, அங்கிருந்து மற்றொரு ரயிலேறி, ஒவ்வோர் உறவினர் வீட்டுக்கும் ஏதேனும் ஒன்று வாங்கிக் கொடுத்துத் திரும்பும்போது மாதச் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கு கரைந்திருக்கும். இதற்காகவே எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மாதந்தோறும் முதல் தேதியன்று பால்காரர் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் முன்னதாகப் பத்து ரூபாய் அதில் விழும். அதற்கு ‘ஊர்ப் பணம்’ என்று பெயர். வீட்டில் காய்ச்சல் வந்தாலும் அதைத் தொடக்கூடாது. வெளிநாட்டுப் பயணத்தின் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கி எல்.டி.சி.யையும் பிஸ்கட் டின்னையும் பற்றிப் பேசுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். பயணத்துக்கென்று புலம்பெயர்ந்த குடும்பத்திடம் இருக்கும் பணம் ஒன்றே. அது முதலில் ஊருக்குச் சொந்தம். வேறு எங்கே போவதாயினும் அந்த டின்னிலிருந்தே எடுத்தாக வேண்டும். இதை மனத்திற்கொண்டு மேலே செல்வோம்.

எல்.டி.சி. பிறந்த அதே காலத்தில்தான் வெளிநாட்டுக் கதவு அடைபட்டது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1939 செப்டம்பரில், உலகப் போர் மூண்டவுடன் வந்தது. போர் முடிந்த பின்னும் அது போகவில்லை. 1947-இல் தனிச் சட்டமாயிற்று. எனினும் அதன் கடுமை முழுவதையும் மக்கள் உணர்ந்தது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் போதுதான். உருக்காலைகளுக்கு வேண்டிய இயந்திரங்கள் ஒருபுறம், உணவு தானியம் மற்றொருபுறம் என்று இறக்குமதி பெருகவே, போர்க்காலத்தில் இங்கிலாந்திடம் நமக்குச் சேர்ந்திருந்த ஸ்டெர்லிங் கையிருப்பு விரைந்து கரைந்தது. நம்மவரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி அப்போது நிதி அமைச்சர். ரூபாய் நோட்டுகளுக்கு ஈடாக ரிசர்வ் வங்கி வைத்திருக்க வேண்டிய தங்கமும் வெளிநாட்டுப் பத்திரங்களும் சேர்ந்து 200 கோடி ரூபாய் இருந்தால் போதும், அதில் 115 கோடி தங்கமாக இருக்கவேண்டும் என்று 1957-இல் சட்டம் திருத்தப்பட்டது. தேசத்தின் பிஸ்கட் டின் அந்த நிலையில் இருந்தபோது, உல்லாசப் பயணத்துக்கென்று யாருக்கும் அந்நியச் செலாவணி கொடுப்பதற்கில்லை என்றாயிற்று.

இதன் பொருளை இன்றைய இளைஞர்கள் எளிதில் உணரமாட்டார்கள். பணம் இல்லாதவனுக்கு மட்டுமன்றிப் பணம் இருந்தவனுக்கும் வழி இல்லை. விமான டிக்கெட்டை நம் நாட்டிலேயே, நம் ரூபாயிலேயே வாங்குவதாயினும் ‘பி படிவம்’ என்ற ஒன்றைப் பூர்த்தி செய்து ரிசர்வ் வங்கியின் அனுமதி பெறவேண்டும். அயல்நாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், தங்கும் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் தாமே ஏற்பதாக எழுதிக் கொடுத்தால் அனுமதிக்கு வாய்ப்புண்டு. மேற்படிப்புக்குப் புறப்பட்ட மாணவர்களும் உறவினரைப் பார்க்கப் போனவர்களும் 1970-களில் எட்டு டாலரோடு விமானம் ஏறிய கதையைப் பலர் கூறக் கேட்டிருக்கின்றோம். அன்றைய மதிப்பில் அது ஏறக்குறைய 60 ரூபாய். வழியில் விமானம் தாமதமானால் காபிக்கும் யோசிக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டும் அந்நாளில் உரிமையன்று. அரசாங்கம் விரும்பினால் வழங்கும் சலுகையாகவே இருந்தது. வெளிநாடு செல்லும் உரிமை, அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் தனிமனித சுதந்தரத்தில் அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1967 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதன் பின்னரே, அதே ஆண்டில், பாஸ்போர்ட்டுக்கு என்று முறையான சட்டம் இயற்றப்பட்டது.

இக்கட்டுப்பாடுகளைக் கொடுமை என்று இன்று கூறுவாருளர். பசித்த நாட்டில் கோதுமைக்கு வேண்டிய டாலரை உல்லாசத்துக்குக் கொடுக்க மறுத்தது தவறு என்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அதன் பாரம் எல்லார் மீதும் ஒரே அளவில் இறங்கவில்லை. தூதுக்குழுக்களிலும் மாநாடுகளிலும் இடம் பெற்ற அதிகாரிகள் ஜெனீவாவையும் லண்டனையும் கண்டுவந்து, சங்கத்தில் சொற்பொழிவும் ஆற்றினர். அவர்களுடைய இல்லத்தரசிகள் அந்தச் சொற்பொழிவை முன்வரிசையில் அமர்ந்து கேட்டனர். குடும்பமாகச் செல்ல வழி இல்லை.

வழி இல்லாத காலத்தில் தமிழர்கள் உலகத்தைப் படித்தே அறிந்தனர். ஏ. கே. செட்டியாரின் ‘உலகம் சுற்றும் தமிழன்’ 1940-இல் வெளிவந்தது; அந்நூலின் பெயரே அவருக்குப் பட்டமாக நிலைத்துவிட்டது. பின்னாளில் ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடர்களுக்காக வீடுதோறும் வாரந்தோறும் காத்திருந்ததை மூத்தவர்கள் அறிவர். 1973-இல் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ திரைக்கு வந்தபோது, 1970-ஆம் ஆண்டு ஜப்பானில் நடந்த உலகக் கண்காட்சியை நம் மக்கள் கொட்டகையில் உட்கார்ந்து பார்த்தனர். அரசாங்கம் ஒரு டாலரும் தரவேண்டியிருக்கவில்லை.

எனினும் சில வாயில்கள் ஒருக்களித்துத் திறந்தேயிருந்தன. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ‘ரஜூலா’ கப்பலைத் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டத்தார் யாவரும் அறிவர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல் 1973 வரை ஓடியது. அதற்குப் பின் ‘சிதம்பரம்’ கப்பல், 1985-இல் நேர்ந்த தீ விபத்து வரை. இவற்றில் சென்றவர்களிற் பெரும்பாலோர் பிழைப்புக்காகவும் உறவுக்காகவும் சென்றவர்களே. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914 முதல் நீராவிப் படகு இருந்தது. சென்னையில் ஏறுபவர் ‘போட் மெயிலில்’ ஒரே சீட்டோடு கொழும்பு போய்ச் சேரலாம். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டுபோன பிறகு இராமேசுவரத்திலிருந்து படகு விட்டனர். 1984-இல் அதுவும் நின்றது.

வடக்கே வாழ்ந்த நமக்குக் கிடைத்த வாயில் நேபாளம். 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தியருக்கு அங்கே விசா வேண்டாம். நம் ரூபாயும் செல்லும். ரக்ஸால் எல்லையிலிருந்து காட்மாண்டுக்கு இந்தியாவின் உதவியோடு மலையைக் குடைந்து அமைத்த திரிபுவன் ராஜபாதை 1956-இல் முடிந்தது. டில்லித் தமிழ்க் குடும்பங்களிற் பலவற்றுக்கு முதல் அயல்நாடு அதுவே. பசுபதிநாதர் தரிசனம் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவார்கள்; தரிசனமும் ஆகும். கடைத்தெருவில் ஜப்பானிய டிரான்ஸிஸ்டரையும் நைலான் சேலையையும் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் சுங்கச் சாவடியில் நெஞ்சு படபடப்பதும் ஆகும். கோயில் என்று பெயர் சொன்னால் ஊர்ப் பணத்திலிருந்து கொஞ்சம் எடுக்க அம்மாவும் சம்மதிப்பாள். எங்கள் வீட்டில் டின் முதன்முறையாக வேறு காரியத்துக்குத் திறக்கப்பட்டது இந்தப் பயணத்துக்காகத்தான். அந்த ஆண்டு ஊருக்குப் போகவில்லை. பாட்டனார் அதற்கு அடுத்த தை மாதம் காலமானார். காட்மாண்டுவைப் பற்றி அதன்பின் எங்கள் வீட்டில் எவரும் பேசியதில்லை.

விலைவாசியின் கதைக்கு வருவோம். 1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. 4 ரூபாய் 76 காசாக இருந்த டாலர் 7 ரூபாய் 50 காசாயிற்று. 13 ரூபாய் 33 காசாக இருந்த பவுன் 21 ரூபாயாயிற்று. வெளிநாடு போகக் கனவு கண்டவனுக்கு ஓர் இரவில் செலவு ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறியது. ஆனால் அந்நாளில் இதனால் வருந்தியவர் மிகச் சிலர். போகவே முடியாத இடத்துக்குக் கட்டணம் ஏறினால் யாருக்கு என்ன? மழை பொய்த்து உள்நாட்டில் அரிசி விலை ஏறியதே பெரிய வருத்தம். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. 1974-75-இல் மொத்த விலைகள் ஏறத்தாழ 25 சதவீதம் உயர்ந்தன. பஞ்சப்படி உயர்வாவது கைக்கு வரும் என்று நம்பியிருந்த குமாஸ்தாக்களுக்கு, உயரும் பஞ்சப்படியில் பாதியைக் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்ளும் சட்டம் 1974-இல் வந்தது. டின்னில் விழுந்த பத்து ரூபாய் அந்த ஆண்டு பல மாதங்கள் விழவில்லை.

1979-இல் மற்றொரு புதுமை. வெளிநாடு செல்வோர் தலைக்கு 100 ரூபாய், அண்டை நாடுகளுக்கு 50 ரூபாய் என்று வெளிநாட்டுப் பயண வரி விதிக்கப்பட்டது. பின்னர் அது பன்மடங்கு உயர்ந்து, 2004 ஜனவரியில்தான் நீக்கப்பட்டது. அயல்நாடு செல்பவன் செல்வன், அவனிடம் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் அரசாங்கத்தை விட்டு முற்றும் அகலவில்லை என்பதைப் பின்னே காண்போம்.

கதவு திறந்ததும் ஒரு நெருக்கடியிலேதான். 1991-இல் அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை வந்தது. அந்த ஜூலையில் 47 டன் அளவான தங்கம் கடல் கடந்து அடகு போயிற்று. ரூபாயின் மதிப்பும் இரு தவணைகளில் குறைக்கப்பட்டது. ஆகஸ்டில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 17 சதவீதம் மேலே நின்றது. ஆனால் அதன்பின் வந்த மாறுதல்கள் விரைவானவை. 1993 மார்ச் முதல் சந்தையே டாலரின் விலையை நிர்ணயித்தது. தமிழரான சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த 1994 ஆகஸ்டில், நடப்புக் கணக்குச் செலவுகளுக்கு ரூபாயைத் தடையின்றி மாற்றிக்கொள்ளலாம் என்று இந்தியா உலக அரங்கில் ஒப்புக்கொண்டது. பயணமும் அச்செலவுகளில் ஒன்று. 2004-இல் ஒருவர் ஆண்டுக்கு 25,000 டாலர் வரை அனுப்பலாம் என்ற திட்டம் வந்தது. 2015-இல் அவ்வரம்பு 2,50,000 டாலராயிற்று. எட்டு டாலரை நினைக்கும்போது இது வேறு ஒரு தேசத்தின் கதை போலத் தோன்றுகின்றது.

கதவு திறந்தவுடன் நம் காலனியிலிருந்து முதலில் கடல் கடந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அமெரிக்காவில் இருந்த மகளின் பேறுகாலத்துக்குப் போன தாய்மார்கள். ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், குழந்தையையும் அடுப்படியையும் பற்றிச் சொல்வார்கள். குடும்பத்தோடு வேடிக்கை பார்க்கவென்றே புறப்பட்ட பயணங்கள் பெரும்பாலும் அதன் பின்னரே வந்தன.

ரூபாயின் மதிப்பு இவ்வளவு விழுந்த பின்னும் நடுத்தரக் குடும்பம் வெளிநாடு போக முடிந்தது எங்ஙனம்? இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தோம். மத்திய அரசாங்கத்தின் கடைநிலை ஊழியருக்குரிய குறைந்தபட்சச் சம்பளம் 1959-இல் இரண்டாவது ஊதியக் குழுவின்படி 80 ரூபாய். அன்றைய மதிப்பில் சுமார் 17 டாலர். மூன்றாவது குழுவுக்குப் பின் 196 ரூபாய், அதாவது சுமார் 25 டாலர். 1986-இல் 750 ரூபாய். சுமார் 60 டாலர். 1996-இல் 2,550 ரூபாய். சுமார் 72 டாலர். 2006-இல் 7,000 ரூபாய். சுமார் 155 டாலர். 2016-இல் 18,000 ரூபாய். சுமார் 270 டாலர். டாலரின் விலை இக்காலத்தில் 14 மடங்கு ஏறியது. சம்பளம் 225 மடங்கு. ஆனால் இதைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. அமெரிக்காவிலும் விலைகள் இந்த இடைவெளியில் எட்டு மடங்கு ஏறிவிட்டன. ஆகவே வெளிநாட்டில் ஒரு நாள் தங்கும் செலவு நம் ரூபாயில் நூறு மடங்குக்கு மேல் ஏறியிருக்கின்றது என்றே கொள்ளவேண்டும். அதைக் கழித்துப் பார்த்தால் நம் கடைநிலை ஊழியரின் வசதி வெளிநாட்டுக் கணக்கில் ஏறத்தாழ இரட்டித்திருக்கின்றது, அவ்வளவே. மேல்படிகளில் இருந்தோரின் சம்பளம் இவ்வளவு வேகமாக ஏறவில்லை. வீட்டில் இருவர் சம்பாதிப்பதும், இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்டதும், விமானக் கட்டணம் மலிந்ததும் அன்றோ மிச்சத்தைச் செய்தன! 2008 டிசம்பரில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மலிவுக் கட்டண விமானம் வந்து இறங்கியதைச் சாதாரண நிகழ்ச்சி என்று நாம் கருதவில்லை.

இனி அண்மைக் காலம். 2020-இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 71 ரூபாயாக இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. 2022 ஏப்ரலில் சில்லறை விலைகளின் ஏற்றம் ஆண்டுக்கு 7.79 சதவீதமாக இருந்தது. 2020 அக்டோபர் முதல் வெளிநாட்டுச் சுற்றுலா ஏற்பாடுகளுக்குப் பணம் கட்டும்போதே 5 சதவீத வரி பிடிக்கப்பட்டது. 2023 அக்டோபர் முதல், ஆண்டுக்கு ஏழு லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு 20 சதவீதம் என்று உயர்த்தினர். வருமான வரிக் கணக்கில் இதை ஈடு செய்துகொள்ளலாம். ஆயினும் புறப்படும் நாளில் கையை விட்டுப் போகும் பணம் போனதுதானே. மறுபுறம், 2023 நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியரை விசா இன்றி அனுமதிக்கத் தொடங்கின. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு விசாக் கட்டணம் மிச்சமாவது சிறிய தொகையன்று.

எல்.டி.சி. என்ன ஆயிற்று? 2020-இல் நோய்த்தொற்றால் எவரும் எங்கும் போக இயலாதபோது, பயணம் செய்யாமலே அச்சலுகையைப் பொருள் வாங்கப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஊருக்குப் போகவேண்டிய பணம் பல வீடுகளில் குளிர்சாதனப் பெட்டியாக வந்து நின்றது. அதனினும் சுவையானது 2022 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்த்துவைத்த ஒரு வழக்கு. பெரிய வங்கி ஒன்றின் ஊழியர்கள் சிலர் சலுகைப் பயணத்தில் அயல்நாடுகளையும் சேர்த்துக்கொண்டனர். தீர்ப்பில் எடுத்துக்காட்டப்பட்ட ஒரு பயணத்தின் வழி இது: டில்லி, மதுரை, கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர், மீண்டும் கொழும்பு, டில்லி. போகவேண்டிய இடம் மதுரை. மற்றவையெல்லாம் திரும்பும் வழி! இந்தியாவுக்குள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதற்கே வரிவிலக்கு உண்டு, இத்தகைய சுற்றுவழிக்குக் கிடையாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. சட்டப்படி தீர்ப்பு சரியே. ஆனால் அந்த வழியை வகுத்தவர் யாராயினும் நம்மவராகத்தான் இருக்கவேண்டும் என்று நமக்கு ஓர் ஐயம். மதுரையை விட்டுவிட்டு நேரே சிங்கப்பூர் போக அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

அந்தத் தீர்ப்பைச் செய்தித்தாளில் படித்தபோது எங்கள் வீட்டில் சிரித்தோம். பிறகு வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். ஏனெனில் எங்கள் வீட்டிலும் அந்த ஆண்டு அதே வழக்குத்தான் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் பள்ளித் தோழர்களைப் போல் ஏதேனும் ஓர் அயல்நாட்டைப் பார்த்தாக வேண்டும் என்றனர். டில்லியிலிருந்து ஐந்து நாள் சுற்றுலாவுக்குக் கேட்ட தொகையோ, நான்கு பேருக்கு இரண்டு ஆண்டுகளின் ஊர்ப் பணம். தஞ்சைக்கு அருகே கிராமத்தில் எண்பதை நெருங்கும் எங்கள் பாட்டி, இந்த முறையாவது பிள்ளைகளைப் பத்து நாள் விட்டுவையுங்கள் என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தாள். காட்மாண்டு போன ஆண்டை நாங்கள் எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் நினைவிருந்தது.

முடிவில் அந்த வங்கி ஊழியர்களின் வழியையே, சலுகை ஏதும் கோராமல், எங்கள் சொந்தச் செலவில் கைக்கொண்டோம். ஓராண்டு தள்ளிப்போட்டு, டின்னுக்குப் பதிலாக இப்போது இருக்கும் வங்கித் தொடர் வைப்பு நிறையும் வரை காத்திருந்தோம். திருக்குறள் எக்ஸ்பிரஸில் திருச்சிராப்பள்ளி சென்று இறங்கி, பாட்டியோடு பத்து நாள் இருந்து, திருச்சியிலிருந்தே விமானமேறிக் கொழும்புக்கு நான்கு நாள். திருச்சியிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரத் தொலைவுதான். டில்லியிலிருந்து நேரே எங்கேனும் போவதற்கான கட்டணத்தில் பாதியும் ஆகவில்லை. கொழும்பைத் தேர்ந்ததற்குக் காரணம் மலிவு மட்டுமன்று. பாட்டியின் தகப்பனாருக்கு அங்கே கடை இருந்தது. 1951-இல், எட்டு வயதுச் சிறுமியாக, தனுஷ்கோடியில் படகேறிப் போய் வந்தவள் அவள். எங்கள் வீட்டில் உல்லாசமாக வெளிநாடு சென்ற முதல் ஆள் அவள்தான் என்பது, நாங்கள் கொழும்பின் பெயரைச் சொன்ன பிறகே பிள்ளைகளுக்குத் தெரிய வந்தது.

நான்கு டிக்கெட்டா, ஐந்தா என்ற கேள்வி அதன்பின் எழுந்தது. பாட்டிக்குப் பாஸ்போர்ட் இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. ஆதார் அட்டையில் இருந்த பிறந்த தேதியை ஏற்றுக்கொண்டனர். புகைப்படத்துக்கு மூக்குத்தியைக் கழற்ற வேண்டுமோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டாள், வேண்டியிருக்கவில்லை. விமானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கடல் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். வந்து போய்விட்டது என்று சொன்னபோது நம்பவில்லை. ஐந்தாவது டிக்கெட்டுக்கும் அவளுடைய விசாவுக்கும் ஆன பணத்தைச் சலவை இயந்திரம் மாற்றுவதற்கென ஒதுக்கியிருந்ததிலிருந்து எடுத்தோம். பழைய இயந்திரமே இன்னும் ஓடுகின்றது. சத்தம் மட்டும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் பாலத்தின் மேல் போவதைப் போல இருக்கும்.